கொட்டாவியில் தொடங்கும் வேதனை

திருச்சி அருகே ஜீயபுரம் பக்கம் வாழைத்தார் சுமக்கிறவர்களுக்கு இடுப்புவலி புதிதல்ல. வலிக்கு மாத்திரை போடுவதும் புதிதல்ல. ஆனால் டாபென்டடால் போன்ற மாத்திரை, அபினிலிருந்து வரும் மருந்துகளைப் போலவே மூளையில் வேலை செய்யும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. நாள்கணக்கில் போட்டுப் பழகிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது.

முதலில் ஓயாத கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சித்திரை வெயிலிலும் கை ரோமம் சிலிர்த்து நிற்கும். பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமில்லாத இரவு. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். "நடிக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது நிஜமான வேதனை.

வீட்டில் வைத்துப் பார்ப்பதானாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புப்ரெனார்பின் போன்ற மருந்து வேதனையை வெகுவாகக் குறைக்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலும் உப்புக் கஞ்சியும் கொடுங்கள். இரவில் ஒருவர் கூடவே இருங்கள். தண்ணீர்கூடத் தங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணிகள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சில நாள் நிறுத்தியவர் மறுபடி பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். நிறுத்திய பிறகுதான் அவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

போதை மீட்புக்கான கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14446. குறித்துக்கொள்ளுங்கள்.