வோட் இல்லாத அக்கா

ஒஸ்லோவில் இந்த அறையில் இருப்பவர்களுக்கும், ரொறன்ரோவில் காலைத் தேநீரோடும் சிட்னியில் தூக்கத்தை விட்டும் இணையவழி இணைந்திருப்பவர்களுக்கும் நன்றி.

அமெரிக்க வரலாற்றின் திருப்புமுனைகளைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் வரலாற்றாசிரியன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நகரத்தில் வாழ்ந்து, கிடைத்ததை வாசித்து வருகிறவன். 1776, 1865, 1929, 1954 என்று ஆண்டுகளை அடுக்கினால் அது உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. ஆகவே ஒஸ்லோவில் நின்று பார்த்தால் தெரியும் ஒரு திருப்புமுனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது கறுப்பின மக்களின் வாக்குரிமை.

நான் 1987இல் நோர்வேக்கு வந்தேன். முதல் சில வருடங்கள் மாலை நேரத் துப்புரவு வேலை. கார்ல் யோகான் தெருவால் நடந்து போவேன். வழியில் பெரிய தூண்களோடு பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். உள்ளே அவுலா என்று ஒரு மண்டபம் இருக்கிறது, அதன் சுவரில் மூங்க் வரைந்த பெரிய சூரியன் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. 1964 டிசம்பர் 10ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் அங்கேதான் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவருக்கு வயது 35.

பரிசு வாங்குகிறவர் வழக்கமாக நன்றி சொல்வார். கிங் ஒரு கேள்வியோடு தொடங்கினார். எங்கள் போராட்டம் இன்னும் வெல்லவில்லை, அப்படியிருக்க எங்களுக்கு ஏன் பரிசு என்று கேட்டார். மிசிசிப்பியில் வாக்குரிமைக்காக உழைத்த இளைஞர்கள் கொல்லப்பட்டதையும் தேவாலயங்கள் எரிக்கப்பட்டதையும் சொன்னார். பிறகு ஒரு விமானப் பயணத்தைப் பற்றிப் பேசினார். விமானத்தில் ஏறும்போதெல்லாம் பெயர் தெரிந்த விமானியை மட்டுமல்ல, தரையில் நின்று உழைக்கும் பெயர் தெரியாத பணியாளர்களையும் நினைத்துக்கொள்வேன் என்றார். பரிசை அவர்களின் சார்பிலேயே ஏற்றார். பரிசுத் தொகை ஏறக்குறைய 54,000 டொலர். அதை இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

அந்தத் தரைப்பணியாளர்களில் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் ஃபானி லூ ஹேமர். மிசிசிப்பியில் ரூல்வில் என்ற சிற்றூர். வீட்டில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதிலிருந்து பருத்தி பொறுக்கியவர். 1962இல் தேவாலயத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போகிறார். கறுப்பர்களும் வாக்காளராகப் பதியலாம் என்பதை அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். அப்போது அவருக்கு 44 வயது.

இங்கே கொஞ்சம் நிற்போம். நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் 1870இலேயே சொல்லிவிட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பர்கள் வாக்களித்தார்கள், சட்டசபைகளுக்குப் போனார்கள், நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். 1877இல் மத்திய அரசு தென்மாநிலங்களிலிருந்து கையை எடுத்தது. 1890இல் மிசிசிப்பி தனக்கு ஒரு புதிய அரசியலமைப்பு எழுதிக்கொண்டது. அதில் கறுப்பர் வாக்களிக்கக் கூடாது என்று ஒரு வரியும் கிடையாது. வாக்களிக்க ஒரு வரி கட்ட வேண்டும், அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசிக்கவோ, வாசித்துக் காட்டும்போது விளங்கிச் சொல்லவோ வேண்டும் என்று மட்டும் இருந்தது. விளங்கிவிட்டதா இல்லையா என்று தீர்மானிக்கிறவர் வெள்ளைக்கார அலுவலர். அவ்வளவு போதுமாக இருந்தது. திருப்புமுனை என்றால் எப்போதும் முன்னால் திரும்புவது என்று நினைக்கிறோம். பின்னால் திரும்பிய திருப்புமுனைகளும் உண்டு. அவை பெரும்பாலும் சத்தமில்லாமல் படிவங்களின் வழியாகத்தான் நடக்கின்றன.

1962 ஓகஸ்ட் 31ஆம் திகதி ஹேமர் இன்னும் 17 பேரோடு ஒரு பழைய பஸ்ஸில் பதிவு அலுவலகத்துக்குப் போனார். சட்டத்தில் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். முடியவில்லை. திரும்பும் வழியில் பொலிஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் நிறம் பிழை என்பதுதான் குற்றம். அதற்குத் தண்டம் கட்டினார்கள். அன்று மாலையே தோட்ட முதலாளி வந்து, விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கு, இல்லாவிட்டால் வெளியேறு என்றான். உனக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று அவர் சொன்னார். பதினெட்டு வருடம் வேலை செய்த தோட்டத்தை விட்டு அன்றிரவே வெளியேறினார். அடுத்த வருடம் ஒரு சிறையில் வைத்து அவரை அடித்தார்கள். அந்தக் காயங்கள் சாகும்வரை ஆறவில்லை.

1964 ஓகஸ்ட் 22. ஜனநாயகக் கட்சி மாநாட்டின் ஒரு குழுவுக்கு முன்னால், தொலைக்காட்சி கமராக்கள் ஓட, ஹேமர் இதையெல்லாம் சொன்னார். அதே குழு முன் அன்று கிங்கும் பேசினார். ஆனால் ஜனாதிபதி ஜோன்சனுக்குப் பயம் வந்தது கிங்கின் பேச்சால் அல்ல. ஹேமர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜோன்சன் அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டி, கமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். தொலைக்காட்சிகள் அந்தச் சாட்சியத்தை அன்றிரவு முழுமையாக ஒளிபரப்பின. நான்கு மாதம் கழியுமுன் கிங் ஒஸ்லோ மேடையில் நின்றார். அடுத்த ஓகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டத்தில் ஜோன்சன் கையெழுத்திட்டார். 1964இல் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 1967இல் கிட்டத்தட்ட அறுபது பேர்.

இதையெல்லாம் நான் முதலில் வாசித்தபோது எழுந்த மரியாதை வசதியான மரியாதை. அநியாயம் தூரத்தில் இருந்தது, செய்தவன் வேறு ஆள். பிறகு ஒருநாள் திகதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். கிங்குக்குப் பரிசு என்று அறிவித்தது 1964 ஒக்டோபர் 14. அதே மாதம் 30ஆம் திகதி இன்னொரு கையெழுத்து விழுந்தது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். தேயிலைப் பெட்டிகளை எண்ணிப் பிரிப்பதைப்போலப் பிரித்தார்கள். அந்த மக்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அவர்கள் எப்படி நாடற்றவர்கள் ஆனார்கள்? 1947 தேர்தலில் வாக்களித்து, தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள்தான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதிலும் மலையகத் தமிழருக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி கிடையாது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றுதான் இருந்தது. லயத்தில் பிறந்தவனின் தகப்பனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. மிசிசிப்பியில் 1890இல் நடந்ததைப் பார்த்து எழுதினார்களா என்று நினைக்கும்படி இருக்கிறது. பார்த்து எழுதத் தேவையில்லை. ஒரு கூட்டத்திடம் இருக்க முடியாத காகிதத்தை அந்தக் கூட்டத்திடம் கேட்பது எல்லா நாட்டுக்கும் தெரிந்த வித்தை.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத் தலைமை பிளவுபட்டது. செல்வநாயகம் இதை எதிர்த்து நின்றார், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அதைப் பெருமையாகச் சொல்லி வளர்ந்தவன் நான். இனிச் சொல்லப்போவதில் பெருமை இல்லை.

எங்கள் வீட்டில் மலையகத்திலிருந்து வந்த ஒரு பெண் வேலைக்கு நின்றார். ஊரில் பல வீடுகளில் அப்படி நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் கொண்டுவந்து விடுவார்கள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நாங்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அக்கா என்று கூப்பிட்டதில்லை. இன்று இங்கே அக்கா என்றே சொல்கிறேன்.

1970 மே மாதத் தேர்தல் நாள். எனக்கு ஒன்பது வயது. அப்பா வேட்டி கட்டினார், அம்மா நல்ல சேலை உடுத்தினார். அக்கா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் வரவில்லையா என்று கேட்டேன். அம்மா கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டே, "அவளுக்கு வோட் இல்லையடா" என்றார். அம்மாவின் குரலில் கோபமோ ஏளனமோ இல்லை. இன்றைக்கு மழை இல்லை என்பதைப்போலச் சொன்னார். அதில் எனக்கும் எந்த அதிசயமும் தோன்றவில்லை. அக்கா நிமிர்ந்து பார்க்காமல் மீனை வெட்டினார். சில வருடத்தில் அவருடைய குடும்பத்தின் பெயர் இந்தியாவுக்குப் போகிறவர்களின் பட்டியலில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். பிறகு எங்கே, எப்படி என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

ரூல்வில் தேவாலயத்தில் யாரோ ஒருவர் ஹேமரிடம் உனக்கும் வோட் உண்டு என்று சொன்னார். திருப்புமுனை அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன். எங்கள் முற்றத்தில் அதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் உரிமைக்காகக் கூட்டம் போட்ட அதே ஊரில், அதே வீடுகளில்.

இனி என் பங்கு. 1983இலிருந்து நோர்வேயில் மூன்று வருடம் சட்டப்படி வாழ்ந்த வெளிநாட்டவரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். குடியுரிமை தேவையில்லை. 1991 இலையுதிர்காலத்தில் எனக்குத் தபாலில் அந்த அட்டை வந்தது. நான் எந்த விண்ணப்பமும் போடவில்லை, எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. இது எங்கள் நாடா, ஊர்ப் பிரச்சினை முடியத் திரும்பிப் போகப்போகிறோம் என்று அதை லாச்சிக்குள் போட்டேன். வேலைக்குப் போகும் வழியில் அவுலாவைக் கடந்துதான் அன்றும் நடந்திருப்பேன். 1995இலும் நான் வாக்களிக்கவில்லை. அக்காவின் ஞாபகம் வந்த பிறகுதான், 1999இல் முதன்முதலாகப் போய்ப் போட்டேன். பிறகு இந்த நகரம் மாறுவதைப் பார்த்தேன். 2015இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். அதற்கு உழைத்த தரைப்பணியாளர்களில் நான் முதல் எட்டு வருடம் இல்லை.

கதை இதோடு முடியவில்லை. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் 1965 சட்டத்தின் முக்கியமான காவலை அகற்றியது. பாகுபாட்டு வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு செயலிழந்தது. இலங்கையில் 2003இல் வந்த சட்டம் மலையக மக்களில் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கியது. 1948இலிருந்து கணக்குப் பார்த்தால் 55 வருடம். ஒரு தலைமுறை முழுவதும் காத்திருந்தே செத்துப்போனது. கப்பலேறியவர்களைப் பற்றி அந்தச் சட்டமும் பேசவில்லை.

ஆகவே அமெரிக்காவின் திருப்புமுனை எது என்று கேட்டால் என் பதில் 1964 ஒஸ்லோவும் இல்லை, 1965 கையெழுத்தும் இல்லை. ஒரு பருத்தித் தோட்டத்துப் பெண் பஸ் ஏறிய நாள். அந்த நாளில் அது திருப்புமுனை என்று அவருக்கும் தெரியாது. நமக்கு முன்னால் அப்படி ஒருவர் முற்றத்தில் இருந்தபோது நாம் என்ன சொன்னோம் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாக இருக்கிறது. இன்று உங்கள் வீட்டைத் துப்புரவாக்க வருகிறவர், கடையில் பொதி ஏற்றுகிறவர், விசாவுக்குக் காத்திருக்கிறவர் யார் என்று நான் கேட்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும். அவரிடம் எந்தக் காகிதம் இல்லை என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அக்கா உயிரோடு இருந்தால் எழுபத்தைந்து வயது தாண்டியிருக்கும். தமிழ்நாட்டில் எங்கோ ஒரு ஊரில் வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

கேள்விகள் இருந்தால் பேசுவோம்.