மூலபாடமும் மூலநிரலும்

(அம்பத்தூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கவிதை பேசும் அவையில் கணிப்பொறிக்கு என்ன வேலை எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, கணிப்பொறி நிரலும் ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையிலேயே சேர்ந்துவிட்டது. நம் வெண்பாவும் ஆவடி இளைஞர் எழுதும் நிரலும் சட்டத்தின் பார்வையில் உடன்பிறப்புகள். பிறர் எழுதியதைத் திருத்தி வெளியிடலாமா என்னும் வினாவும் இருவர்க்கும் பொது.

ஆசிரியரின் இசைவின்றிக் கூடாது என்பதே பொது விதி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ‘ஜிபிஎல்’ உரிமம் அந்த இசைவை முன்கூட்டியே எல்லார்க்கும் தந்துவிடுகிறது. அதுவும் பதிப்புரிமையைத் துறந்தன்று, கையில் வைத்துக்கொண்டே. இந்த நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. நிரலைத் திருத்தி நாமே பயன்படுத்திக்கொண்டால் எவர்க்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் கையில் கொடுக்கும்போதுதான் கடமை பிறக்கிறது. அதே உரிமத்தின்கீழ், திருத்திய மூலநிரலும் அவர்க்குக் கிடைக்குமாறு கொடுக்க வேண்டும். விலைக்கு விற்கலாம், மூலத்தை மறைக்கலாகாது, முன்னவர் உரிமைக் குறிப்பை அழிக்கலாகாது. 1991இல் வந்த இரண்டாம் பதிப்பு, இன்ன நாளில் மாற்றினேன் எனக் கோப்பிலேயே குறிக்கச் சொல்கிறது. பாடபேதங்களை மறைக்காமல் காட்டிய உ.வே.சாமிநாதையர் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளம் இவ்வழியில் வந்ததே. பல நாட்டுத் தன்னார்வலர் ஆக்கிய டெபியனை இந்திய மொழிகளுக்கேற்பத் திருத்தியது அது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றுண்டு. பூந்தமல்லி இளைஞர் ஒருவர், ஜிபிஎல் உரிமத்தில் ஒரு சந்திப்பிழைத் திருத்தியை வெளியிட்டார். விதிகளுள் பாதி, வல்லினம் மிகும் இடங்களெல்லாம், அடியேன் எழுதிக் கொடுத்தவை. வணிகர் ஒருவர் அதில் வட்டாரச் சொற்கள் பலவற்றைச் சேர்த்தார். நல்ல சேர்க்கைதான். ஆனால் எங்கள் பெயர்களை நீக்கி, மூலநிரலைப் பூட்டி விற்றார். கேட்டதற்கு, “சும்மா கிடைத்ததுதானே ஐயா” என்றார்.

சும்மா கிடைத்ததன்று, நிபந்தனையோடு கிடைத்தது. நிபந்தனையை மீறியவர்க்கு அவ்வுரிமம் அற்றுப்போகும். பிறகு அவர் 1957ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விடை சொல்ல வேண்டியவர். வழக்குத் தொடுப்போம் என்று நான் சினந்தேன். இளைஞர் இசையவில்லை. பணம் வேண்டாம், பெயர்களைத் திரும்பப் போடட்டும், அவர் சேர்த்த சொற்களை நமக்கும் தரட்டும் என்று பதிவுத்தபாலில் மடல் விடுத்திருக்கிறார். மூன்று மாதமாகிறது. ஒப்புகை அட்டை மட்டும் வந்திருக்கிறது.