கடம்பாகுளத்தில் எத்தனை மீன்?

ஏரல் பக்கத்துக் குளங்களில் மீன்பாசி ஏலம் கேட்க வருகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீரின் நிறம் பார்ப்பார். மதகடியில் குமிழி பார்ப்பார். குளம் எத்தனை மாதம் பெருகிக் கிடந்தது என்று விசாரிப்பார். அப்புறம் ஒரு தொகை சொல்வார், பெரும்பாலும் கையைக் கடிக்காது. தேர்ந்த கலைதான். ஆனால் அவர் கணக்கில் கட்லா, ரோகு, சிலேபி வரும், விரல் நீளம்கூட இல்லாத கெண்டைப்பொடி வராது. விலை போகாததை அவர் ஏன் எண்ணப்போகிறார்?

ஆய்வாளர்கள் வழி வேறு. ஐரோப்பிய ஏரிகளில் இதற்கென்று வைத்திருக்கும் வலை 30 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம். அந்த ஒரே வலையில் 5 முதல் 55 மில்லிமீட்டர் வரை 12 அளவுக் கண்கள். பொழுது சாயப் போட்டு, விடிய எடுப்பார்கள். ஒவ்வொரு மீனையும் பலகையில் கிடத்தி அளந்து, நிறுத்து, வயது பார்க்க நாலைந்து செதிலையும் சுரண்டி எடுத்துக்கொள்வார்கள். குளிரில் வளர்ச்சி நின்றால்தான் செதிலில் வளையம் தெளிவாக விழும், நம் வெயிலில் அதை அப்படியே நம்ப முடியாது. வலையும் நேரமும் மாறாது என்பதுதான் இந்த முறையின் பலம். இந்த வருசத்தைப் போன வருசத்தோடு ஒப்பிடலாம்.

தண்ணீருக்குத் தண்ணீர் ஒப்பிடுவதுதான் சிக்கல். ஒரே தாமிரபரணி, பாபநாசம் அணையில் ஆழமான, சத்துக் குறைந்த மலைத்தண்ணீர். ஸ்ரீவைகுண்டம் தென்கால் வழியே கடம்பாகுளம் வருவதற்குள் வயல் வடிகாலின் உரமும் உப்பும் சேர்ந்துவிடும். ஆழம் குறைவு, வெயில் இறங்கும், பாசி கட்டும். கரைந்த உப்பைச் சராசரி ஆழத்தால் வகுத்தால் மீன் விளைச்சலைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம் என்று 1965-ல் ரைடர் என்பவர் எழுதினார். அவர் பார்த்தவை குளிர்நாட்டு ஏரிகள், நம் குளம்போலக் கோடையில் வற்றுபவை அல்ல. ஆகவே அணையில் வலைக்கு நாலு மீன் என்றால் பஞ்சமில்லை. குளத்தில் நாற்பது வந்து, நாற்பதும் சிலேபி என்றால் அது செழிப்புமில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் குளங்கள் உடைந்து, குளத்து மீனும் ஆற்று மீனும் கலந்துபோயின. எது போனது, எது புதிதாக ஏறியது என்று ஏலப் பதிவேடு சொல்லாது. குளம் பெருகியதும் ஓர் இரவு, வற்றுமுன் ஓர் இரவு, வருசாவருசம் அதே வலையைப் போட்டு, கெண்டைப்பொடிக்கும் ஒரு வரி எழுதவேண்டும். குத்தகைக்காரரையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. எங்கே போட்டால் வலை கருவேல முள்ளில் மாட்டாது என்பது அவருக்குத்தான் தெரியும்.