கிளினிக்கில் எடுத்த ரத்தம் எங்கே போகிறது?



"நாளைக் காலையில் சாப்பிடாமல் வாருங்கள், ரத்தம் எடுக்க வேண்டும்" என்று கிளினிக்கில் சொன்னால், நம்மவர்களுக்கு ஊசியைப் பற்றித்தான் பயம். குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நேராக ரொட்டி சானாய் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அப்போது பரிசோதனை தொடங்கவே இல்லை.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை, சிறுநீரில் பட்டையைத் தோய்த்துப் பார்ப்பது போன்ற சோதனைகளைக் கிளினிக்கிலேயே செய்துவிடலாம். கிளினிக்கில் வசதி இல்லாத சோதனைகளுக்கு ரத்தமும் சளியும் சிறுநீரும் மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்கு வண்டி ஏற வேண்டும். அங்கே இருக்கும் இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், வழியில் கெட்டுப்போன ரத்தத்திலிருந்து சரியான விடை வராது. ஆய்வுக்கூடத் தவறுகளில் பெரும்பகுதி, மாதிரி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம்.

டியூபுக்குள்ளும் ரத்தம் உயிரோடு இருக்கிறது

உடலை விட்டு வந்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. மருந்து கலக்காத சாதாரண டியூபில் ரத்தத்தை அப்படியே வைத்தால், சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பது அளவு. ஒருவருக்கு உண்மையில் 7.4 இருக்கிறது. வண்டிக்காக ரத்தம் மூன்று மணி நேரம் காத்திருந்தால், அது 6.3 அல்லது இன்னும் கீழே வந்துவிடும். நோயாளியை "இன்னும் வரவில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதைத் தடுக்கத்தான் சர்க்கரைக்கென்று புளோரைடு கலந்த சாம்பல் மூடி டியூப் இருக்கிறது.

இது நமக்குச் சின்ன விஷயமா? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு.

பொட்டாசியத்தின் கதை நேர்மாறானது. அது சிவப்பணுக்களின் உள்ளேதான் அதிகம் இருக்கிறது. ரத்தத்தைச் சுழற்றி நீரைப் பிரிக்காமல் நெடுநேரம் வைத்தாலும், பிரிக்கும் முன்பே குளிர்பெட்டியில் வைத்தாலும், அது வெளியே கசியும். ஐஸ் கட்டி டியூபில் நேரடியாக ஒட்டி, அணுக்கள் உடைந்தாலும் இதே நிலைதான். சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது 6க்கு மேல் காட்டும். இதயத்துக்கே ஆபத்து என்று நோயாளியை அவசரப் பிரிவுக்கு வரச் சொல்வார்கள். அங்கே மறுபடி ரத்தம் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, உண்மையிலேயே கூடியிருக்கும் பொட்டாசியத்தை "ரத்தம் கெட்டிருக்கும்" என்று யாராவது ஒதுக்கிவிடுவது. ஆகவே மறுபடி ரத்தம் கேட்டால் கோபப்படாமல் அன்றே போய்க் கொடுங்கள்.

எல்லா மாதிரிக்கும் இந்த அவசரம் இல்லை. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தம் ஊதா மூடி டியூபில், குளிரில், சில நாள்கூடத் தாங்கும். ஆனால் கிருமி பார்க்க எடுக்கும் சிறுநீர் வெளியே இருந்தால் கிருமிகள் பெருகி முடிவு மாறும். இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும்.

பெயர் மாறினால்?

ஒரே காலையில் இரண்டு லெட்சுமிகள் வரிசையில் நிற்பது நம் கிளினிக்குகளில் அதிசயமில்லை. டியூபில் உள்ள பெயரும் பாரத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் ஆய்வுக்கூடம் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடும். அது பிடிவாதமல்ல, பாதுகாப்பு. ஒருவருடைய ரத்தத்துக்கு இன்னொருவர் மருந்து சாப்பிடக் கூடாதல்லவா?

தாதி பெயர் கேட்கும்போது வெறுமனே தலையாட்டாதீர்கள். தந்தை பெயரோடு முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். ரத்தம் எடுத்த பிறகு, உங்கள் கண் முன்னாலேயே டியூபில் பெயர் ஒட்டப்படுகிறதா என்று பாருங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். வண்டி புறப்பட்ட பிறகு எடுக்கும் ரத்தம் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். காசநோய்ச் சோதனைக்குச் சளி கேட்டால், எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்துக் கொடுங்கள்.

கைப்பேசி எண்ணை மாற்றியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஆபத்தான முடிவு வந்தும் ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் அந்தப் பரிசோதனையால் என்ன பயன்?

கடைசியாக ஒன்று. "கிளினிக்கிலிருந்து கூப்பிடவில்லை, அப்படியென்றால் நல்லாத்தான் இருக்கும்" என்று எண்ணிவிடாதீர்கள். மாதிரி போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். முடிவு எந்தத் தேதியில் வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அன்றே கேட்டு, மருத்துவ அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் போய்க் கேளுங்கள். வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால் அவர்களுக்காக நீங்கள் கேளுங்கள்.