முன்னிற்கும் ஏடு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



1901ஆம் ஆண்டு வையைக் கரையில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம் பழஞ்சுவடிகளைத் திரட்டிக் காத்தது. அவ்வூரின் பெயரையே ஏற்று, 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கப்பெற்றது. முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது பழநூல்களைக் கணினியில் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர்.

இத்தகைய பணியில் ஈடுபடுவோர்க்கு ஒரே திரையில் இரண்டு சாளரங்கள் வேண்டும். ஒன்றில் அச்சுநூலின் பக்கப் படம். மற்றொன்றில் எழுத்துகளைப் பெறும் உரைதிருத்தி. படத்தை நகர்த்தச் சொடுக்கினால், அது முன்வந்து எழுதும் சாளரத்தை மறைத்துவிடும். மறைந்ததை மீட்பதற்குள், கண்ட அடி மங்கிவிடும். அவ்விடத்தில் நினைவு புகும். பாடலை மனப்பாடமாக அறிந்தவர்க்கே இவ்விடர் மிகுதி. நூலில் ஒரு பாடம் இருக்க, விரல் தான் பயின்ற வேறொரு பாடத்தைத் தட்டிவிடும்.

ஓலைச்சுவடியில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரம் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். ஆதலின், ஒருவர் படிக்க மற்றவர் பார்த்துவர, இருவராய் அமர்ந்து சுவடிகளை ஒப்பிட்டனர். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பாது, சிதைந்தவாறே காட்டினார். அவ்வடக்கமே பதிப்பறம்.

இன்று தனியே அமர்பவர்க்கு அத்துணையாளர் இல்லை. ‘எப்போதும் முன்னிற்கும் சாளரம்’ அக்குறையை ஓரளவு நீக்குகிறது. நோட்பேட் பிளஸ் பிளஸ் செயலியில், காட்சிக்குரிய பட்டியலிலேயே இவ்வசதி உண்டு. விண்டோஸ் கணினியில் பவர்டாய்ஸ் நிறுவியிருப்பின், விண்டோஸ், கண்ட்ரோல், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்த, விரும்பிய சாளரம் முன்னிற்கும். மீண்டும் அழுத்த, அந்நிலை நீங்கும். எழுதும் சாளரத்தைச் சிறிதாக்கித் திரையின் அடியில் நிறுத்தி, பக்கப் படத்தைப் பின்னே விரித்தால், மூலமும் படியும் ஒருங்கே கண்ணில் படும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. முன்னிற்கும் சாளரமே விசைகளைக் கேட்கும் என்று கருதலாகாது. இறுதியாகச் சொடுக்கப்பெற்றது எதுவோ, விசைகள் அதனையே சேரும். படத்தை நகர்த்தியபின் எழுதும் சாளரத்தைத் தொடாது தட்டினால், ஓரடி முழுதும் பதிவாகாது போகும். கண்முன் நிற்பதெல்லாம் செவிசாய்ப்பதில்லை. இது கணினிக்கு மட்டும் உரிய இயல்பு அன்று.

கவிஞர் தம் பாடலில் ஒரு சொல்லை மாற்றலாம். அஃது அவர்தம் உரிமை. படியெடுப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்கப் பாடல்களும் ஒருநாள் கணினி ஏறும். அன்று தட்டச்சிடுபவர் முன் கவிஞரின் கையெழுத்தும் எழுதும் ஏடும் ஒருசேர நிற்கட்டும். அவர் நினைவு மட்டும் சற்றே பின்னிற்கட்டும்.