கோவிந்தன் இரண்டு பேர்

புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே கணினிக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். சனவரி பிறந்தால் இந்த ஆண்டு என்னென்ன கற்கப்போகிறேன் என்று பட்டியல் போடுவது எங்கள் தொழிலில் ஒரு வியாதி. ஆண்டுக்கு ஒரு புதிய நிரல்மொழியாவது படியுங்கள் என்று 1999-ல் ‘தி பிராக்மேட்டிக் புரோகிராமர்’ என்ற புத்தகத்தில் ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் எழுதினார்கள். நல்ல யோசனைதான். நான் அதை நேர்த்திக்கடன் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். பைத்தான், கோ, ரஸ்ட் என்று எண்ணிக்கை ஏறியது. அவற்றால் யாருக்கும் காலணா பிரயோசனமில்லை.

போன வருடம் ஆலங்குடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாமா, கடன் நோட்டைக் கணினியில் ஏற்றித் தரச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்தேன். மறுநாளே போன்: “மாப்ளே, கோவிந்தன் எப்படி ரெண்டு பேரானாரு?”

போய்ப் பார்த்தால் திரையில் இரண்டு கோவிந்தன்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல. பாக்கி மட்டும் தனித்தனி. அரைநாள் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது. ‘கோ’ என்னும் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக வைக்கலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். ‘கே’ போட்டுப் பக்கத்தில் துணைக்காலைத் தனியாக ஒட்டலாம். நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி போதும். மூன்று அயல் நிரல்மொழி படித்தவனுக்கு, முதல் வகுப்பில் எழுதிய எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்பது தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டுத் தன் முழங்கால் தழும்பைக் காட்டினார். அது அறிவொளி இயக்கக் காலத்தில் சைக்கிள் பழகி விழுந்த தழும்பு. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, 1991-ல் எங்கள் மாவட்டத்தில் தொடங்கிய அந்த எழுத்தறிவு இயக்கம் சைக்கிளையும் ஒரு பாடமாக வைத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு நகருக்குள் ஓட்டி வந்தார்கள். மாவட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள், முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! தண்ணீர்க் குடம், சந்தைக்குப் போகும் காய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று அவர்களுக்கு மறுநாளே அதில் வேலை இருந்தது. யாரும் பட்டியலில் டிக் அடிப்பதற்காகக் கற்கவில்லை.

அதற்குப் பிறகு என் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். புதிய மொழி வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை கேட்டால் படிப்பேன். மாமா இப்போது, ஒரே குடும்பத்தின் கடனையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டச் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.