பெண்ணுக்கு என்ன பேர் வைப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"சமயமும் இளைஞரும்" என்ற பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். அப்பொருள் பற்றிச் சென்ற ஆண்டும் ஒருவர் பேசினார். அதற்கு முந்திய ஆண்டும் ஒருவர் பேசினார். ஆகவே அவருடைய மன்னிப்பைக் கோரி, எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வந்திருக்கின்றேன்.

என் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மக நட்சத்திரம். "மகத்துப் பெண் ஜகத்தை ஆள்வாள்" என்று எங்கள் அப்பாயி லயம் முழுவதும் சொல்லிவிட்டு வந்தார். பஞ்சாங்கப்படி ம, மி, மு, மெ என்ற எழுத்துகளில் பேர் தொடங்கவேண்டும். தாய்மாமன் என்ற உரிமையாலும், சர்வகலாசாலையில் படிக்கிறவன் என்ற மதிப்பாலும் பேர் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் யோசிக்கவே இல்லை. "மலர்விழி" என்றேன்.

மச்சான் நிவித்திகலக் கடைவீதியில் வேலை செய்கிறவர். காலையிலிருந்து இரவு வரை சிங்களத்திலேயே பேசிப் பழகியவர். "மச்சான், அந்த 'ழ'வை யாரு சொல்லப்போறா? மாலினின்னு வைப்போம். அவங்களுக்கும் மாலினி, நமக்கும் மாலினி" என்றார்.

அவர் சொன்னது சாதாரணமான வார்த்தை அல்ல. மாலினி, சந்திரிகா, கமலா, இந்திராணி என்பவை வடமொழி வழியாக இரு மொழிக்காரருக்கும் பொதுவாய் வந்த பேர்கள். அப்பேரைக் கேட்டு எவரும் இவள் எந்த வீட்டுப் பெண் என்று திரும்பிப் பார்க்கமாட்டார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் சப்பிரகமுவத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை இங்குள்ள பெரியோருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மச்சானின் தந்தையார் ஒரு துணி மூட்டையோடு றப்பர்க் காட்டுக்குள் இரவைக் கழித்தவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர், மகளுக்கு வெளியே தெரியாத பேர் ஒன்று வேண்டும் என்று நினைப்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அன்று மனத்துக்குள் சொன்னேன், பிறகு வெட்கப்பட்டேன்.

பேர் என்ற சொல்லே நம் தோட்டங்களில் வேறு பொருள் கொண்டது. பிரட்டுக் களத்தில் பேர் விழுந்தால் ஒருநாட் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பேர் செக்றோலில் எழுதுகிறவர் காதில் விழுந்தபடி இருந்தது. இலட்சுமி "லெட்சுமி" ஆனதும் அப்படித்தான். எங்கள் அப்பாயியின் பேர் மீனாட்சி. செக்றோலில் மீனாச்சி, பிரஜாவுரிமைப் பத்திரத்தில் மீனாட்சி, அடையாள அட்டையில் மீனாச்சியம்மா. ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கேட்டுப் போனபோது, மூவரில் நீ யார் என்று ஒரு கந்தோரில் கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த ஒருத்தி, தான் தான்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தாள். அந்தப் பயணங்களில் அப்பாயிக்குத் துணையாகப் பஸ்ஸில் போனவன் நான்.

நான் படித்த மிஷன் பாடசாலையின் நூலகத்தில் வேல்ஸ் நாட்டைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் பக்கத்தில் ஒரு சிறிய மொழியைக் காத்துக்கொண்டிருக்கும் சனங்கள் அவர்கள். அவர்களும் நம்மைப் போலத் தகப்பன் பேரைச் சேர்த்தே வழங்கினார்கள். "அப்" என்றால் மகன், "வெர்ஹ்" என்றால் மகள். ஆங்கிலச் சட்டமும் கந்தோரும் குடும்பப் பேர் கேட்கவே, "அப் ரீஸ்" என்பது "பிரைஸ்" என்று ஒட்டிப்போயிற்று. நம் "ழ"வைப் போல அவர்களுக்கும் அயலார் நாவுக்கு எட்டாத ஓர் ஒலி உண்டு. நாக்கை "ல" சொல்லும் இடத்தில் வைத்து இரு பக்கமும் காற்றை ஊதவேண்டும். 1136 ஆம் ஆண்டில் நோர்மானியரை எதிர்த்துப் போர்முனையில் மடிந்த அவர்களுடைய இளவரசி ஒருத்தியின் பேரில் அவ்வொலி இருக்கிறது. அப்பேரை இன்றும் பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். இங்கிலாந்தில் அக்குழந்தை பள்ளிக்கூடம் போனால் வாத்தியார் முதல்நாள் தடுமாறுவார். அப்பேரைத் தமிழில் எழுதப் பார்த்தேன். "குவென்லியன்" என்று வந்தது. அதாவது, ஆங்கிலேயர் செய்யும் அதே கொலையை நானும் செய்தேன்.

இதை நினைத்துக்கொண்டு நம்மூர்ப் பேர்ப்பலகையைப் பார்த்தேன். சிங்களத்தில் ஒற்றைத் தகரம். நாம் அதை அழுத்திச் சொல்ல "நிவித்திகல" என்று இரட்டிக்கின்றோம். இரத்னபுரவை இரத்தினபுரி ஆக்கியவர்களும் நாமே. அதற்காக எவரும் நம்மோடு சண்டைக்கு வந்ததில்லை.

ஆயினும் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சிங்களப் பேச்சில் "ழ" இல்லை. "ல", "ள" இரண்டும் ஒரே ஒலியாகவே வரும். அப்படியானால் மலர்விழி மலர்விலி ஆவாள். இதைப் பிரித்துப் பாருங்கள்: மலர்வு, இலி. மலர்ச்சி இல்லாதவள்! மகத்துப் பெண்ணுக்கு இப்படி ஒரு பேரா என்று நான் பின்வாங்கினேன்.

வேறு பேர் தேடினேன். மணிமேகலை அகப்பட்டாள். சாத்தனார் பாடிய காப்பியத் தலைவி. மணிபல்லவத் தீவுக்கு வந்தவள். அத்தீவு நம் நயினாதீவே என்று பலர் கொள்வர். அத்தோடு மணிமேகலா என்னும் கடல்தெய்வம் பௌத்தரின் மகாஜனக ஜாதகத்திலும் வருவதால், சிங்கள அயலவருக்கும் அந்நியமான பேர் அன்று. மச்சானுக்கும் இது பிடித்தது. எனக்கு என் கெட்டித்தனத்தில் ஒரு பெருமை. அப்பாயி மட்டும் ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார்: "முதல்ல சொன்ன பேரு நல்லா இருந்துச்சே, அதுக்கு என்ன வந்துச்சு?"

எழுதுகிறவர்கள் பிழையாக எழுதிவிடுவார்கள் என்றேன்.

"எம் பேர எழுதுறப்ப பக்கத்துல நின்னு பாக்க எழுத்துத் தெரிஞ்ச ஆள் இல்லையா. ஒன்ன எதுக்குய்யா படிக்க வச்சோம்? போயி நின்னு சரியா எழுத வையி."

அக்கா சிரித்தாள். "நாந்தானே கூப்பிடப்போறேன். மலர்விழியே இருக்கட்டும்" என்றாள். மச்சான் சிறிது நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையசைத்தார். அவருடைய பயம் அதோடு போய்விட்டது என்று நான் சொல்லவில்லை.

இளைய தகப்பன்மார் இங்கே பலர் இருப்பதால் அடுத்ததைச் சற்று விவரமாகச் சொல்கிறேன். 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 42 நாட்களுக்குள் பிறப்பை அறிவிக்கவேண்டும். பேரைப் பின்னர் சேர்க்கவும் மாற்றவும் அச்சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கு அலைச்சல் அதிகம். போகும்போதே பேரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லாதீர்கள். "ழ"வுக்கு ஆங்கிலத்தில் தமிழ்நாட்டார் இசட், எச் என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் எல் ஒன்றையே போடுவார்கள். எதைப் போட்டாலும் எல்லாத் தாளிலும் அதுவே இருக்கட்டும். பேரை முந்தி எழுதுவதா, தகப்பன் பேரை முந்தி எழுதுவதா என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கையொப்பமிடுமுன் ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. ஆகையால் தமிழில் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

நாங்கள் போன இடத்தில் இருந்தவர் ஒரு சிங்கள அம்மையார். தாளைப் பார்த்து "மலர்விலி" என்று வாசித்தார். நான் "ழி" என்றேன். அவர் முயன்று பார்த்தார், வரவில்லை. மறுபடியும் முயன்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்கள் எங்கள் இரத்னபுரவை இரத்தினபுரி என்கிறீர்கள்தானே, மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை. ஆனால் தாளில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் தவறாமல் எழுதினார். நான் இரண்டு தரம் ஒத்துப் பார்த்தேன். மச்சான் கையொப்பமிட்டார்.

வீட்டுக்கு வந்து பத்திரத்தை அப்பாயியிடம் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாவிட்டாலும் இரு கையாலும் வாங்கி, வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு குழந்தையைத் தூக்கி, "ஏ மலர்விளி!" என்று கூப்பிட்டார். வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிற நாவில் வேறென்ன வரும்? இப்போது அதுவும் சுருங்கி லயத்தில் எல்லாருக்கும் அவள் "மலரு" ஆகிவிட்டாள். அந்த "ழ" பத்திரத்தோடு தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அவள் பாடசாலைக்குப் போகும் நாளில் நானே சொல்லிக் கொடுப்பதாக இருக்கிறேன்.